பதினோரு காலிக் கட்டங்கள்

எனக்குக் கணக்கு வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ பெரிய கணக்குப் புலி, எண்களை வைத்து ஊரையே ஏமாற்றியவள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை என்றாலே எனக்குக் காய்ச்சல் வரும். நான் டாக்டருக்குப் படித்ததே அந்தச் சனியனிடமிருந்து தப்பிக்கத்தான் என்று என் தம்பி கேலி செய்வான். நுரையீரல் வார்டில் டாக்டராக இருக்கிறேன். இருந்தேன். நோயாளியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லி, உள்ளே என்ன நடக்கிறது என்று காதால் கேட்பேன். அந்த வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். வருகிறேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள், உங்கள் விசாரணைக் குழுவுக்கு எதையும் விடாமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வார்டில் கட்டில் எப்போதும் பற்றாது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலோடு வருகிற ஒருவர் பத்து நாள் படுத்துவிட்டால், அடுத்தவர் வராந்தாவில் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்க வேண்டியதுதான். வழக்கமாகக் கொடுக்கிற மருந்து ஒன்று இருந்தது. அதோடு வேறு இரண்டு மருந்துகளையும் வைத்துப் பார்த்து, எதில் ஆட்கள் சீக்கிரம் குணமாகி வீட்டுக்குப் போகிறார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னார் எங்கள் பெரிய டாக்டர். அதுவே என் மேற்படிப்புக்கான ஆய்வும் ஆயிற்று. வருகிற வரிசையில் முதல் ஆளுக்கு ஒன்றாவது மருந்து, அதாவது வழக்கமானது, அடுத்தவருக்கு இரண்டாவது, அதற்கடுத்தவருக்கு மூன்றாவது. ஒரு மருந்துக்கு நாற்பது பேர். எல்லோரிடமும் முறையாகச் சம்மதம் வாங்கினேன். அதுவரை ஒரு குற்றமும் இல்லை.

விவரமெல்லாம் சேர்ந்த பிறகு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தேன். "ஒருவழி அனோவா போடும்மா, சாஃப்ட்வேர்ல வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸுக்குக் கிளம்பிவிட்டார். அவருக்கும் அதற்கு மேல் தெரியாது என்பது என் சந்தேகம்.

என் தம்பி மனைவி கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். என்னைவிட வெகு சின்னவள், வாய் மட்டும் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். எங்கள் அம்மாவும் அவர்களோடுதான் இருக்கிறாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு கூட்டம்னா வேற டெஸ்ட், அண்ணி. மூணு வந்துட்டா இதுதான்" என்றாள் தம்பி மனைவி. "மூணு சராசரியும் நிஜமாவே வேற வேறயா, இல்ல சும்மா தற்செயலா அப்படித் தெரியுதான்னு இது சொல்லும். பயப்பட ஒண்ணுமில்ல. மவுஸ் பிடிக்கத் தெரியும்ல?"

"நக்கல் பண்ணாத" என்றேன்.

பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். நான் மருந்துக்கு ஒரு பத்தி என்று மூன்று பத்திகளாகப் பக்கத்தில் பக்கத்தில் அடித்துவைத்திருந்தேன். அப்படிக் கூடாதாம். ஒரு ஆளுக்கு ஒரு வரி. ஒரு பத்தியில் அவர் சாப்பிட்ட மருந்தின் எண், அடுத்த பத்தியில் வீட்டுக்குப் போக ஆன நாள். எல்லோரையும் ஒருவர் கீழ் ஒருவராக அடுக்கவைத்தாள். பிறகு மெனுவில் சராசரிகளை ஒப்பிடுகிற இடத்துக்குப் போய், ஒருவழி அனோவாவைத் திறந்து, நாட்களை ஒரு பெட்டியிலும் மருந்து எண்ணை இன்னொரு பெட்டியிலும் தள்ளி, ஓகே அழுத்த வேண்டும். அவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் இதற்கா பயந்தோம் என்று தோன்றியது. அட்டவணையின் கடைசிப் பத்தியில் ஒரு சின்ன தசம எண் வந்தது. அது புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே இருந்தால் வித்தியாசம் நிஜம். இருந்தது. மேஜையைத் தட்டினேன். அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

தம்பி மனைவி மட்டும் மேலே இருந்த இன்னொரு அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "குறைஞ்சபட்சம் பூஜ்யம்னு காட்டுதே. நாளே ஆகாம வீட்டுக்குப் போனது யாரு, அண்ணி?"

செத்தவர்கள். அவர்களுக்கு என்ன எண் போடுவது என்று தெரியாமல் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். அவர்கள்தான் வீட்டுக்கே போகவில்லையே. சாஃப்ட்வேருக்கு அது எப்படித் தெரியும். வந்த அன்றைக்கே குணமாகி எழுந்து நடந்து போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

"பாதியில வேற ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனவங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பீர்கள். அம்மா எதிரே உட்கார்ந்திருந்தாள். வயதானவளுக்கு முன்னால் சாவுப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன். நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்த காரணம் இது.

"அப்படின்னா பூஜ்யம் போடக் கூடாது, அண்ணி. காலியா விட்டுடுங்க. காலியா இருக்கற வரிய சாஃப்ட்வேரே ஒதுக்கிட்டு மத்தவங்கள வெச்சுக் கணக்குப் போடும்." பழைய ஃபைலைத் தன் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்துவைத்துக்கொண்டு, அவளே ஒவ்வொன்றாக அழித்தாள். மறுபடி ஓட்டினோம். விடை அப்போதும் நன்றாகவே வந்தது. எந்த மருந்து எதிலிருந்து வேறு என்று ஜோடி ஜோடியாகப் பார்க்கிற பகுதியையும் காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது மருந்து தனித்து நின்றது. அதைச் சாப்பிட்டவர்கள் மற்றவர்களைவிட மூன்று நாள் முன்னதாக வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

ஆனால் அவள் விடுகிற ஆள் இல்லை. எத்தனை பேர் என்கிற பத்தியில் விரலை வைத்தாள். முதல் மருந்தில் ஒருவர் குறைவு, இரண்டாவதில் இருவர். மூன்றாவதில் நாற்பதுக்கு இருபத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

"மூணாவதுல மட்டும் பதினோரு பேரு எப்படி மாறிப் போனாங்க? பரவலா இருந்தா பரவாயில்ல. எல்லாம் ஒரே பக்கமா இருந்தா இந்த ரிசல்ட்ட நம்ப முடியாது. ஏன் போனாங்கன்னு விசாரிச்சு ரிப்போர்ட்ல எழுதிடுங்க, அண்ணி. மறந்துடாதீங்க."

"எழுதிடறேன்" என்றேன்.

மறக்கவில்லை. அந்தப் பதினோரு பேரில் பலருடைய கண்ணை மூடிவிட்டவளே நான்தான். எல்லோரும் வயதானவர்கள், இளைத்துப்போனவர்கள். இந்த வயதில் இந்த நோய் வந்தால் சாவு சகஜம்தானே என்று என்னால் சொல்லிக்கொள்ள முடிந்தது. மூன்றாவது மருந்து கடுமையானது. தாங்கியவர்கள் சீக்கிரம் எழுந்தார்கள். தாங்காதவர்களுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி இரண்டு நாளில் முடிந்தது. முடிந்தவர்கள் என் கணக்கில் வரவில்லை.

இதை எழுதினால் ஆய்வு செல்லாமல் போய்விடும். மறுபடி முதலிலிருந்து ஆள் சேர்க்க வேண்டும். பட்டம் தள்ளிப்போகும், எனக்கென்று சொல்லிவைத்திருந்த பதவி இன்னொருவருக்குப் போகும். இதையெல்லாம் அன்றைக்கு இப்படிப் பச்சையாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டில் அட்டவணையை ஒட்டும்போது அகலமாக இருந்தது, பக்கத்தில் அடங்கவில்லை. ஏதாவது ஒரு பத்தியை எடுக்க வேண்டியிருந்தது. எத்தனை பேர் என்கிற பத்தியை எடுத்தேன். அதன் பிறகு பார்க்க அழகாக இருந்தது.

கூட்டத்தில் பெரிய டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பார்த்தார். "நாள் குறையுதா?" என்றார். "குறையுது, சார்" என்றேன். அது பொய் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து வார்டுக்கு வருகிற எல்லோருக்கும் மூன்றாவது மருந்து என்று உத்தரவு வந்தது. வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் குறைந்தது. எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். எனக்குப் பதவியும் வந்தது.

சந்தோஷமாக இருந்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்பேன்.  சாவுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற வேலையை மெல்ல மெல்ல ஜூனியர் டாக்டர்கள் தலையில் கட்டினேன். பிணவறைப் பக்கம் போகிற மாடிப்படியை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனேன். தம்பி வீட்டுக்குப் போவதைக் குறைத்தேன். அம்மா போனில், "பெரிய பதவி வந்ததும் எங்கள மறந்துட்டியாடி" என்று குறைப்பட்டுக்கொள்வாள். வேலை அதிகம்மா என்பேன். இதையெல்லாம் சொல்லி இரக்கம் தேடவில்லை. நெஞ்சு உறுத்தியது, உறுத்தலோடேயே உத்தரவுப்படி மூன்றாவது மருந்தை எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அம்மாவுக்கும் அதே சளிக் காய்ச்சல் வந்தது. தம்பி தூக்கிக்கொண்டு வந்தான். மூச்சு வாங்கியது. உதடு நீலமாக இருந்தது. ஹெட் நர்ஸ் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு வந்து, "மூணாவதுதானே, டாக்டர்?" என்றார்.

"இல்ல, சிஸ்டர். பழையதே போடுங்க. அம்மாவுக்கு மூணாவது அலர்ஜி" என்றேன்.

அம்மாவுக்கு எதுவும் அலர்ஜி கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் அன்றைக்கே ஒரு தையல்காரர் சேர்ந்தார். அம்மா வயதுதான் இருக்கும். காதில் செருகிய பென்சிலோடேயே வந்துவிட்டார். இருமலுக்கு நடுவில் என் வெள்ளைக் கோட்டைப் பார்த்து, "கை நீளமா இருக்கே, டாக்டர். எழுந்ததும் பிடிச்சுத் தர்றேன்" என்றார். அவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். துடிப்பு ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. மூன்றாவது மருந்தைத் தாங்குகிற நெஞ்சு இல்லை அது. அவருக்கும் அலர்ஜி என்று எழுதியிருக்கலாம். பேனா கையில்தான் இருந்தது. ஆனால் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேருக்கு ஒரே அலர்ஜி என்றால் யாராவது கேட்பார்கள். மூன்றாவது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் மகள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க, டாக்டர். உங்கம்மாவுக்குக் குடுக்கற மருந்துதானே எங்கப்பாவுக்கும்?"

"ஆமாம்மா, அதேதான்" என்றேன்.

முகம் தெளிந்து போனாள். இரண்டாம் நாள் அவள் அப்பா இறந்தார். அம்மா எழுந்து உட்கார்ந்து டீ கேட்டது அன்றைக்குத்தான்.

மதியம் தம்பி மனைவி வந்தாள். கட்டில் முனையில் தொங்கிய ஷீட்டைப் புரட்டிப் பார்த்தாள். அவள் சுபாவம் அது, எண் இருக்கிற எதையும் படிக்காமல் விட மாட்டாள். "அத்தைக்கு ஏன் ஒண்ணாவது, அண்ணி? மூணாவதுதானே நல்லதுன்னு நம்ம டேபிள் சொல்லுச்சு?"

"அலர்ஜி."

"அத்தைக்கா?" என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போர்வை எடுக்கப்பட்டுக் கிடந்த பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். ஷீட்டை மறுபடி கட்டில் முனையில் மாட்டினாள். அப்புறம் தாழ்ந்த குரலில் கேட்டாள். "அண்ணி, அந்தப் பதினோரு பேரும் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாங்க?"

நான் அம்மாவின் டீ டம்ளரை எடுத்து நகர்த்திவைத்தேன். அம்மா, "என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசறீங்க" என்றாள். தம்பி மனைவி அன்று மாலையே அழித்த பூஜ்யங்கள் இருந்த பழைய ஃபைலோடு உங்களிடம் வந்திருக்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தாள். அவள் முகத்தில் விழிக்கத்தான் முடியவில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. தையல்காரரின் மகள் கிளம்புமுன் என்னைத் தேடிக்கொண்டு என் அறைக்கே வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்கம்மாவப் பாத்துக்கிட்ட மாதிரியே எங்கப்பாவையும் பாத்துக்கிட்டீங்க, டாக்டர். நாங்கதான் குடுத்து வைக்கல" என்று அழுதாள். பரவாயில்லைம்மா என்று அவளைத் தேற்றி அனுப்பினேன். அந்தக் கைச் சூடு இன்னும் போகவில்லை.

எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். தெரியாது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். கணக்கு வராதவள், காலிக் கட்டத்தைச் சாஃப்ட்வேர் தானாக ஒதுக்கியது எனக்கு எப்படித் தெரியும் என்று. தூக்கம் வராதபோது எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதையேதான். தெரியாதவளாக இருந்திருந்தால் என் அம்மாவுக்கும் மூன்றாவது மருந்தைத்தான் எழுதியிருப்பேன்.