பன்னிரண்டு சதவீதம்

கணினியின் உழைப்பைக் காட்டும் திரையைப் பெரும்பாலோர் சரியாகப் படிப்பதில்லை. எங்கள் பழக்கிடங்கின் கணினியில் எட்டு கோர்கள் உண்டு. எட்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. அவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகவும் பார்க்கலாம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கோடாகவும் பார்க்கலாம். ஒன்று மட்டும் முழுமூச்சாக உழைத்து, மற்ற ஏழும் சும்மா இருந்தால், அதன் கட்டம் நூறு சதவீதம் நிரம்பியிருக்கும். ஒற்றைக் கோடோ பன்னிரண்டைத்தான் காட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது. ஒரு கட்டம் நிரம்பியதைக் கண்டு பதறிக் கிடங்கு முழுவதையும் நிறுத்திவிட்டேன். அங்கே மெக்கானிக்காக இருந்த என் தங்கையின் கணவர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார்.

"மச்சான், எட்டுல ஒண்ணு வேலை செஞ்சா உங்களுக்கு ஏன் வேர்க்குது? மொத்தக் கோட்ட மட்டும் பாருங்க, போதும்."

அன்று முதல் என் பெயர் 'நூறு'. தங்கையின் குழந்தைகூட 'நூறு மாமா' என்றது. நான் கோபப்படவில்லை. படித்தேன்.

சென்ற செவ்வாயன்று தங்கையின் கணவர் பழ அறைக்குள், பழம் கெடாமலிருக்கச் செலுத்தும் நைட்ரஜனின் வால்வை மாற்ற வந்தார். நைட்ரஜன் கசிந்தால் மணம் தெரியாது, மனிதர் சாய்ந்துவிடுவார். ஆக்சிஜன் குறைந்ததும் மணியடிப்பது என் கணினியிலுள்ள ஒரு புரோகிராம். கட்டங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்று உச்சியில் அசையாமல் நின்றது. மணியடிக்கும் புரோகிராம் சிக்கிக்கொண்டு, ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. அறையின் காற்றை அது அளக்கவே இல்லை.

நான் ஒற்றைக் கோட்டுக்கு மாற்றினேன்.

"என்ன நூறு, அலாரம் ஓடுதா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"பன்னெண்டுதான் காட்டுது, மாப்ள."

"அவ்ளோதானா? பரவால்ல, தேறிட்டீங்க," என்றபடி உள்ளே போனார்.

நான் பொய் சொல்லவில்லை. திரையில் இருந்ததைத்தான் படித்தேன்.

அந்தப் புரோகிராமை மூடித் திறக்க ஒரு சொடுக்குப் போதும். கண்ணாடி வழியே அவர் ஸ்பேனரை நழுவவிட்டதைப் பார்த்தேன். எடுக்கக் குனிந்தார். நிமிரவில்லை. கோடு நகரவில்லை. சிறிது நேரம் கழித்துப் புரோகிராமை மூடித் திறந்தேன். மணி உடனே அடித்தது; எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"நீ பாத்துக்கிட்டுதானேண்ணே இருந்தே?" என்று தங்கை கேட்டாள். ஆம் என்றேன்.

இம்முறை நான் பதறவில்லை, ஐயா. அதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை.