ஜன்னலைத் திறந்தா போதும்

– அக்கா, இந்த மிஷினையுமா என் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும்? என் வீடு என்ன கிடங்கா?

– கத்தாதடி ஹேசுக். காத்தைச் சுத்தம் பண்ற மிஷின் ஒரு வீட்ல ஒண்ணு இருந்தா வசதின்னு நினைப்பாங்க. ரூமுக்கு ஒண்ணு இருந்தா, வீடு பாக்க வர்றவ யோசிக்க மாட்டாளா? இன்னிக்கு ஒரு நாள்தான். அவங்க பாத்துட்டுப் போனதும் நானே வந்து எடுத்துக்கறேன்.

– அடுப்புல என்ன, இப்படி மணக்குது?

– பட்டையும் இஞ்சியும். தரகர் சொன்னார், கொதிக்க விடுங்க, வீடு முழுக்க அந்த வாசனைதான் நிக்கும்னு.

– எனக்கு மூச்சு முட்டுது. அந்த ஜன்னலைக் கொஞ்சம்...

– ஏய், தொடாத! திறந்தே, உன்னைக் கொன்னுடுவேன். காத்து நேரா ஆலைப் பக்கத்துல இருந்து வருது.

– அட போங்கக்கா. ஆலைன்னு வாய்விட்டுச் சொல்ல இங்கயாவது உங்களுக்குத் தைரியம் வந்துச்சே. நகரசபைல அன்னிக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?

– ஆரம்பிச்சுட்டியா? அதைப் பத்திப் பேசறதுன்னா மிஷினைத் தூக்கிட்டுக் கிளம்பு.

– பேசுவேன். பதினஞ்சு நாளா லிஃப்ட்ல பாக்குறப்பல்லாம் சிரிச்சுட்டுப் போயிட்டேன். இன்னிக்கு என்னால முடியாது. அந்தக் கூட்டத்துல அத்தனை பேர் நடுவுல நான் ஒருத்தி எந்திரிச்சு நின்னேனே, எனக்கு எப்படி இருந்திருக்கும்?

– உன்னை யாரு எந்திரிக்கச் சொன்னா?

– நீங்கதான்! கழிவு எரிக்கிற அந்த ஆலைல ரெண்டாவது உலை கட்டக் கூடாதுன்னு நம்ம அம்மாக்கள் இணையக் குழுவுல முதமுதல்ல எழுதினது யாரு? நீங்க. கம்பெனிக்காரன் ஒரு மனு போட்டு, பேரு கெட்டுப்போச்சுன்னு அந்தப் பதிவை மறைக்க வச்சான். நெசத்தை எழுதினாலும் கேஸ் போடுவான்னு எல்லாரும் பயந்து கிடந்தப்ப, 'அப்போ பாராட்டி எழுதுவோம்டி, பாராட்டினா எவன் கேஸ் போடுவான்'னு சிரிச்சது யாரு?

– கேளேன், அது நல்ல யோசனைதானே அப்போ? ஊரே சிரிச்சுச்சே.

– சிரிச்சுச்சு. நானே எழுதினேன். 'பனிமூட்டம் பாக்க மலைக்குப் போக வேண்டாம், எல்லாம் வாசலுக்கே வந்துடுது. கம்பெனிக்கு நன்றி!' ஏழாவது மாடி அம்மா, 'வெள்ளைச் சட்டை தானாவே சாம்பல் கலருக்கு மாறிடுது, சாயம் வாங்கற செலவு மிச்சம், கம்பெனிக்கு நன்றி!' படிச்சுட்டு வயிறு வலிக்கச் சிரிச்சேன். மீன் கடைக்காரர்கூட என்கிட்ட கேட்டார், 'இன்னிக்கு உங்க குழுவுல என்ன நன்றி?'ன்னு.

– என்னோடதுதான் எல்லாத்தையும் மிஞ்சிச்சுன்னு நீயே சொன்ன.

– ஆமா. 'அஞ்சாவது மாடிப் பூனை'ங்கிற பேர்ல நீங்க எழுதினா யாரால அடிச்சுக்க முடியும்? சிரிச்ச வாயை மூடறதுக்குள்ள அந்தக் கம்பெனிக்காரன் என்ன பண்ணினான்? ஒவ்வொண்ணுலயும் குத்தலை வெட்டிட்டு, இனிப்பை மட்டும் எடுத்து, 'குடியிருப்பு அம்மாக்களின் கருத்து'ன்னு வழவழன்னு அச்சடிச்சு நகரசபைல கொடுத்துட்டான். 'செலவு மிச்சம், கம்பெனிக்கு நன்றி!' 'எல்லாம் வாசலுக்கே வந்துடுது, கம்பெனிக்கு நன்றி!' உறுப்பினர் ஒருத்தர் அதை மைக்ல படிக்கிறார், கண்ணு கலங்குதாம் அவருக்கு! எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது.

– எனக்கும்தான் எரிஞ்சுது.

– எரிஞ்சவங்க ஏன் எந்திரிக்கல? நான் எந்திரிச்சு, 'ஐயா, அது கேலி, நாங்க நாத்தம் தாங்காமதான் அப்படி எழுதினோம்'னு சொன்னேன். தலைவர் என்னைப் பாத்து, 'இந்த முதல் பக்கத்துல இருக்கிற பூனைங்கிறது நீங்களாம்மா?'ன்னார். இல்லைன்னேன். 'அப்போ எழுதினவங்க வந்திருந்தா அவங்க சொல்லட்டும்'னார். நான் திரும்பி உங்களைப் பாத்தேன். கூட்டமே யாருன்னு திரும்பித் திரும்பிப் பாத்துச்சு. நீங்க குனிஞ்சு கைப்பையில என்னத்தையோ தேடினீங்க.

– அந்தப் பையைப் பத்தி எதுக்குடி இப்ப?

– என்ன தேடினீங்கக்கா?

– ஒண்ணும் தேடல.

– 'எழுதினவங்களே மறுக்கல, நீங்க உக்காருங்கம்மா'ன்னாங்க. உக்காந்தேன். அப்புறம் என்ன, ரெண்டாவது உலைக்கு ஆதரவா எல்லாரும் கையைத் தூக்கிட்டாங்க.

– தரகர் ரெண்டு வரிசை தள்ளி உக்காந்திருந்தார்டி. அதுக்கு முந்தின நாள்தான் வீட்டை விக்கணும்னு அவர்கிட்ட சொல்லியிருந்தேன். நான் எந்திரிச்சு, 'என் வீடு நாறுது'ன்னு நகரசபைல பதிய வச்சுட்டா, எவன் வாங்குவான்? என் பையன் கராமுக்கு அந்த வாரம் பள்ளிக்கூடத்துல மறுபடியும் மூக்குல ரத்தம். டீச்சர் போன் பண்ணி, 'மாத்துச் சட்டை எடுத்துட்டு வாங்கம்மா'ன்னா. டாக்டர் இதனாலதான்னும் சொல்ல மாட்டேங்கிறான், இதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேங்கிறான். பிள்ளையைக் கூட்டிட்டு ஓடினா போதும்னு இருந்துச்சு எனக்கு.

– கராமுக்கு ரத்தம் வந்ததை நீங்க என்கிட்ட சொல்லவே இல்லையே.

– சொன்னா, குழுவுல எழுதுங்கன்னு சொல்வே.

– சொல்லியிருப்பேன்தான்.

– அதான்.

– சரி, கூட்டத்துல பயந்துட்டீங்க. ஒத்துக்கறேன். அப்புறம் நான் என்ன சொன்னேன்? வெட்டினதையும் வெட்டாததையும் பக்கத்துல பக்கத்துல போடுவோம், உலகத்துக்கே தெரியட்டும்னேன். பேப்பர்க்காரன்கூட கேட்டுட்டு இருந்தான். மறுநாள் குழுவைத் திறந்தா ஒண்ணையும் காணோம்! கம்பெனி அழிக்கல. நம்ம ஆளுங்களே ஒவ்வொருத்தரா அழிச்சுட்டாங்க. 'உலைக்கு ஈடா கம்பெனிக்காரங்க நீச்சல் குளம் கட்டித் தராங்களாம், வெந்நீர்க் குளியல் கூடம் வருதாம், விலை ஏறப்போற நேரத்துல நம்ம வாயாலயே ஏன் கெடுத்துக்கணும்'னு. முதல்ல அழிச்சது யாருக்கா?

– தெரிஞ்சுக்கிட்டே கேக்கற பாரு.

– உங்க வாயால சொல்லுங்க.

– நான்தான். போதுமா? நான்தான் முதல்ல அழிச்சேன். அழிச்சுட்டுக் குளியலறைல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன், கராமோட அப்பாவுக்குக் கேக்கக் கூடாதுன்னு. வெக்கமா இருக்குடி. கண்ணாடி பாக்கவே பிடிக்கல. இப்ப சந்தோஷமா உனக்கு?

– எனக்கென்ன சந்தோஷம். நான் மட்டும் என்ன யோக்கியம்? பேச்சு இவ்வளவு பேசிட்டு, உங்க மிஷினை நான்தானே ஒளிச்சு வைக்கிறேன். என் வீட்டுக் கடன் முடியற வரைக்கும் நான் இங்கதான் கிடக்கணும். விலை ஏறினா எனக்கும் நல்லதுதானேன்னு ஒரு நாள் மனசு சொல்லுச்சு. சீன்னு ஆயிடுச்சு.

– மணி அடிக்குது! வந்துட்டாங்க. இதை எங்கடி வைக்கிறது, வெளியில கொண்டு போக முடியாதே!

– விடுங்க, அலமாரிக்குள்ள தள்றேன். நீங்க போய்க் கதவைத் திறங்க. மூஞ்சியைத் துடைச்சுட்டுப் போங்க!

– வாங்க வாங்க. செருப்பை இங்கயே விட்டுடுங்க. தரகர் வரலையா?

– கீழ கார் நிறுத்த இடம் தேடுறார்ங்க. நீங்க மேல போங்கன்னார். மன்னிச்சுக்கோங்க, குழந்தையையும் தூக்கிட்டு வந்துட்டேன். விட்டுட்டு வர ஆள் இல்லை. இவ பேரு நாரே.

– அடி தங்கமே! எத்தனை மாசம்?

– எட்டுங்க. ஆஹா, வீடு என்ன வாசனையா இருக்கு! எங்க அம்மா வீடு மாதிரி. பட்டையா?

– பட்டையும் இஞ்சியும். உக்காருங்க, ஒரு கப் தரேன். இவ ஹேசுக், பக்கத்து வீடு. சந்தையில பொரியல், கிம்ச்சி ஊறுகாய் எல்லாம் போட்டு விக்கிறா.

– ரொம்ப சந்தோஷங்க. பக்கத்துல இப்படி ஒருத்தங்க இருந்தா வேற என்ன வேணும்! ஏங்க, நீங்க மறைக்காம சொல்லுங்க, இங்க அக்கம்பக்கம் எல்லாம் எப்படி?

– என்னைக் கேக்காதீங்க. அக்காவைக் கேளுங்க. அவங்களுக்குத்தான் நல்லா சொல்ல வரும்.

– ஹேசுக்! அவ அப்படித்தாங்க, காலையில இருந்தே எரிச்சல்ல இருக்கா. நீங்க எங்க இருந்து வர்றீங்க?

– சியோல்லங்க. வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் மாத்தல் ஆயிடுச்சு. ஆபீஸ் வேலைதான். உண்மையைச் சொன்னா, வீட்டைப் பாக்காமயே நான் முடிவு பண்ணிட்டேங்க. சும்மா ஒரு தடவை பாத்துட்டு இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடலாம்னுதான் வந்தேன்.

– பாக்காமயேவா? ஏங்க அப்படி?

– சிரிக்க மாட்டீங்களே? இவ தூங்க மாட்டேங்கிறா. பொறந்ததுல இருந்து ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கினதில்லை. டாக்டர், எண்ணெய், மந்திரம்னு எதையும் விட்டு வைக்கல. அப்பதான் தரகரோட இணையப் பக்கத்துல, இங்க குடியிருக்கிற அம்மாக்கள் எழுதினதுன்னு போட்டிருந்தாங்க. அதுல ஒண்ணை அப்படியே போன்ல எடுத்து வச்சுக்கிட்டேன். மனசு உடையறப்பல்லாம் எடுத்துப் பாப்பேன்.

– எதை?

– இருங்க, படிக்கிறேன். 'இந்த ஊருக்கு வந்ததுல இருந்து என் பிள்ளை நல்லாத் தூங்கறான்.' அவ்வளவுதாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. யாரோ ஒருத்தி, எனக்குத் தெரியாத ஒருத்தி, எனக்காகவே எழுதின மாதிரி. அஞ்சாவது மாடியாம். பூனைன்னு பேரு வச்சிருக்காங்க. உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?

– இருங்க, அந்தக் கப்பை எடுத்துட்டு வந்துடறேன்.

– இந்தக் கட்டடத்துலதான் இருப்பாங்கன்னு நினைச்சேன். இதுவும் அஞ்சாவது மாடிதானேங்க. வந்ததும் அவங்களைத் தேடிப் போய்க் கையைப் பிடிச்சு நன்றி சொல்லணும்னு இருக்கேன். அரிசி கேக்கும் வாங்கிட்டு வந்திருக்கேன்.

– அக்கா, கேக்கறாங்கல்ல? சொல்லுங்க.

– நீ சும்மா இருடி.

– நான் ஏதாவது தப்பாக் கேட்டுட்டேங்களா?

– நீங்க தப்பு பண்ணலம்மா. நீ இரு ஹேசுக், நானே சொல்றேன். அந்த வரிக்கு அடுத்த வரி ஒண்ணு இருந்துச்சு. கம்பெனிக்காரன் அதை வெட்டிட்டான். அப்புறம் எழுதினவளே மொத்தத்தையும் அழிச்சுட்டா.

– அடுத்த வரியா? என்னங்க அது?

– ஹேசுக், அந்த ஜன்னலைத் திற.

– அக்கா... நெசமாவா?

– முழுசாத் திற. அடுப்பை அணை. அலமாரில தள்ளினதையும் வெளியில எடு, பாக்கட்டும்.

– ஐயோ, என்னங்க இது நாத்தம்! எங்கயாவது ரப்பர் எரியுதா? இரு நாரே, இரு கண்ணு, முகத்தை இப்படி வச்சுக்கோ.

– தினமும் எரியுது. இதான் அடுத்த வரி. 'ஜன்னலைத் திறந்தா போதும், அப்படியே மயங்கி விழுந்துடுறான்.' கேலிக்கு எழுதினேன், கம்பெனிக்காரன் மூஞ்சியில அடிக்கணும்னு. பூனை நான்தான். அந்தக் கேக்கை எடுத்துட்டுப் போயிடுங்க. நாலு வார்த்தை திட்டிட்டுப் போங்க, பரவாயில்ல.

– உங்களைத் திட்ட எனக்கு வாய் ஏதுங்க. என் வீட்டுக்காரருக்கு மாத்தல் ஆனது அந்த ஆலைக்குத்தான். 'அந்தப் பக்கம் வேண்டவே வேண்டாம், புகை எனக்குத் தெரியும், குழந்தைக்கு ஆகாது'ன்னு ராத்திரி பூரா கெஞ்சினார். நான்தான், 'நீங்க கம்பெனி ஆளு, வேற எதையோ மறைக்கத்தான் எங்களை வர வேண்டாங்கிறீங்க, அங்க குடியிருக்கிற அம்மாக்கள் பொய் சொல்ல மாட்டாங்க'ன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்.