மதினியின் மூக்கு

செம்பூரில் மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த இருவரும் தாராவிக்காரர்கள், நாத்தனாரும் மதினியும்.

“மூக்குக்குள்ளயும் கால்சியம் வேலை பாக்குது மதினி,” என்றாள் லேபில் வேலை செய்யும் இளையவள்.

“அத உங்க அண்ணன்கிட்ட சொல்லு. பக்கத்து வீட்டுக்காரி வந்து சொல்லுத வரைக்கும் கேஸ் லீக்கானது தெரியலியே, மூக்கு செத்துப்போச்சான்னு ஏசுதாவ.”

“சாகல. வாசம் பட்டதும் மூக்குல இருக்க செல்லுக்குள்ள கால்சியம் ஏறும். அத வெளிய தள்ளினாத்தான் செல்லு பழையபடி முழிக்கும். நாள் பூரா வீட்ல தோல் பை ஒட்டிக்கிட்டு, அந்தப் பசை நாத்தத்துலயே கெடந்தா அது என்ன செய்யும்? அப்பப்ப வெளிய போய் இருங்க.”

“எங்கட்டி போக? யாராவது செத்தா துட்டி வீட்டுக்குப் போறதுதான் நான் வெளிய போறது. இன்னைக்கும் அதுக்குத்தான போறோம்.”



கோவண்டி தாண்டியதும் குப்பைமேட்டுக் காற்று உள்ளே அடித்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டோம். மதினி மட்டும் சன்னலோரம் சாய்ந்து, மூச்சை ஆழமாக இழுத்தாள்.

“நாறுதுட்டி,” என்றாள். மறுபடி இழுத்தாள். “நல்லா நாறுது.”