ரோட்டுக்கு ஒரு முத்தம்

சொல்றேன், சொல்றேன். வந்ததும் வராததுமா யாரு போறது, யாரு போறதுன்னா? முதல்ல உக்காருங்க தம்பி. அங்க வேணாம், ஜல்லி கொதிக்கும். இந்தத் தார் டின்னக் கவுத்துப் போட்டிருக்கேன், இதுல உக்காருங்க. ஒட்டாது. ஒட்டினா மண்ணெண்ணெய் இருக்கு.

காலையில என்ன சொல்லிட்டுப் போனீங்க? ரேஸ் கார் ஓட்டறதுக்குன்னே தனியா ஒரு ரோடு போடறாங்க. நம்ம கம்பெனிக்குத்தான் வேலை. ஒரு ரோலர், ஒரு டிரைவர், அவ்வளவுதான் அனுப்ப முடியும். நீங்களும் உங்க சகலையும் பேசி முடிவு பண்ணி வைங்க, சாயங்காலம் வந்து கேக்கறேன்னீங்க. முதலாளி ஜீப்ல ஏறிப் போயிட்டீங்க. உங்களுக்கு அது வாயால சொல்ற பேச்சு. எங்க ரெண்டு பேருக்கும் வயித்துல நெருப்பு.

அவன் எங்கயா? அதோ, அவன் ரோலர் நிழல்ல மூஞ்சியத் திருப்பிக்கிட்டு உக்காந்திருக்கான். பேச மாட்டான். நானும் பேச மாட்டேன்.

இத்தனை வருஷத்துல நாங்க சண்ட போட்டதே இல்ல தம்பி. அக்காவை நான் கட்டினேன், தங்கச்சிய அவன் கட்டினான். நாங்க முறைச்சுக்கிட்டா அவங்க ரெண்டு பேரும் ஒண்ணு சேந்துக்குவாங்க. ரெண்டு வீட்டுலயும் அடுப்பு எரியாது. அந்த பயத்துலயே ஒத்துமையா இருந்தோம். ஆனா இதுல விட்டுக்குடுக்க முடியாது. எல்லாம் அந்தப் படத்தால.

எந்தப் படமா? ரேஸ் படம்! பாக்கலையா? ஊரே பாத்தாச்சு. நான் மூணு தரம் பாத்தேன். சினிமான்னாலே எட்டிக்காயா கசக்கற ஆளு நான். பொண்டாட்டி சொல்றா, கல்யாணமான புதுசுல கூப்பிட்டேன், வரல, இப்ப கார் பாக்க ஓடறியான்னு. கார் யாரு பாத்தா?

கதையா? கதை கிடக்குது. அண்ணன் தம்பி. ரெண்டு பேரும் ரேஸ் ஓட்டறவங்க. அப்பன் செத்த வீட்டுல சண்ட போட்டுப் பிரிஞ்சுட்டாங்க. தம்பிக்காரனுக்கு ஒரு பொண்ணு. அவ கடலோரமா நடக்கறா, நடக்கறா, நடந்துக்கிட்டே இருக்கா. எங்க போறா, ஒண்ணும் புரியல. நான் தூங்கிட்டேன். சகலை குறட்டையே விட்டான். அவன் சத்தத்துலதான் முழிச்சேன்.

முழிச்சுப் பாக்கறேன், காட்டறான் தம்பி. மேலேருந்து. அந்த ரோட்டை.

என்ன சொல்றது! கருகருன்னு, இப்பத்தான் எண்ணெய் தடவி வாரின தலை மாதிரி. ஒரு மேடு? ஒரு பள்ளம்? ஒட்டுப் போட்ட தழும்பு? கிடையாது. வளைவுல வெளிப்பக்கத்தைத் தூக்கி, உள்பக்கத்தைத் தாழ்த்தி, தொட்டில் மாதிரி விட்டிருக்கான். நான் எழுந்து நின்னுட்டேன். பின்னாடிலேருந்து கத்தறாங்க, யோவ் பெரிசு, உக்காருன்னு. நான் உக்காரல. சகலையை உலுக்கி, பாருடா, பாருடா, ஓரத்தைப் பாருடான்னேன். அவன், காருடா, காருடான்னான். அவனுக்கு கார்தான் கண்ணுக்குத் தெரியும். புத்தி அவ்வளவுதான்.

அப்பறம் மழை வருது. கடைசி ரேஸ். அண்ணன் முன்னாடி, தம்பி பின்னாடி. கொட்டோ கொட்டுன்னு கொட்டுது. தியேட்டர்ல எல்லாரும் ஐயோ, வழுக்கிடுவான், வழுக்கிடுவான்னு அலறாங்க. எனக்கு பயமே இல்ல. ஏன்னு கேளுங்க. ஒரு இடத்துல தண்ணி நிக்கல தம்பி! விழ விழ ஓடுது. நம்ம ரோட்டுல ஒரு எருமை மூத்திரம் பேஞ்சா மறுநாள் வரைக்கும் நிக்கும்.

சிரிக்காதீங்க. நீங்களும் சேந்து போட்ட ரோடுதான்.

கேளுங்க. அண்ணன் கார் சக்கரம் வெடிக்குது. சுத்துது, சுத்துது, சுவத்துல போய் மோதுது. தம்பிக்காரன் என்ன பண்ணணும்? ஜெயிச்சுட்டுப் போகணும். அவன் காரை நிறுத்திட்டு இறங்கி ஓடறான், அண்ணனைத் தூக்க. அண்ணன் சொல்றான், போடா மடையா, போய் ஓட்டுன்னு. நான் கத்தினேன், போடா மடையான்னு. தியேட்டரே கத்துது. அவன் திரும்பி ஓடி, ஏறி, ஒவ்வொருத்தனாத் தாண்டி, தாண்டி... எனக்கு இந்தக் கால் இருக்கு பாருங்க, இது மிதிச்ச மிதில முன் சீட்டு கழண்டு போச்சு. சீட்டுல இருந்தவன் திரும்பி, மூணாந்தரம்யா இதுன்னான். அவனும் மூணு தரம் வந்திருக்கான் போல.

ஜெயிச்சான். அது பெரிசு இல்ல. ஜெயிச்சுட்டு என்ன பண்ணினான் தெரியுமா? இறங்கினான். ஹெல்மெட்டைக் கழட்டினான். அந்தப் பொண்ணு கையை நீட்டிக்கிட்டு ஓடி வர்றா. அவளைப் பாக்கல. அப்படியே மண்டி போட்டு, குனிஞ்சு, ரோட்டுக்கு ஒரு முத்தம் குடுத்தான்.

ரோட்டுக்கு, தம்பி.

தூசிதான். கண்ணுல தூசி. ஜல்லி வேலையில வேற என்ன இருக்கும்?

நாமளும்தான் ரோடு போடறோம். எவனாவது முத்தம் குடுத்திருக்கானா? காறித் துப்பறான். போட்ட மறுநாள் குழாய்க்காரன் வந்து தோண்டறான். அதுக்கடுத்து ஒயர்காரன். படம் முடிஞ்சு பேரு போடறாங்க இல்ல, கடைசி வரைக்கும் உக்காந்திருந்தேன். முடி வெட்டினவன் பேரு போட்டான். சோறு போட்டவன் பேரு போட்டான். படத்துல ஒரு நாய் ரெண்டு தரம் குரைக்குது, அதைப் பழக்கினவன் பேரும் போட்டான். ரோடு போட்டவன்? ரோலர் ஓட்டினவன்? இல்ல. கூட்டறவன் வந்து, காலைத் தூக்குய்யாங்கறான்.

அதான். நான் போகணும். ஒரே ஒரு ரோடு அப்படிப் போட்டுட்டு, போதும். பேரு கூட வேணாம்.

அவனுக்கு எதுக்கா? கார் பாக்க! கிட்ட நின்னு, வர்ர்ருனு சத்தம் கேக்கணுமாம். அதுக்கு டிக்கெட் எடுத்துட்டுப் போறதுதானே?

முடிவு பண்ணியாச்சா, பண்ணியாச்சான்னா? பண்ணத்தான் பாத்தோம். வயசு பாத்தோம், அவன் எப்பப் பொறந்தான்னு அவனுக்கே தெரியாது. சீனியாரிட்டி பாத்தோம், ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேந்தவங்க. காசு சுண்டினோம், தார்ல விழுந்துருச்சு. அப்பறம் அவன்தான் சொன்னான், ரேஸ் ரோட்டுக்குத்தானே போறோம், ரேஸ் விட்டே பாத்துடுவோம்னு.

எதுலயா? ரோலர்லதான். வேற என்னத்துல விடுவோம்?

முறைக்காதீங்க. வேலை கெடல. பாலத்துலேருந்து இங்க வரைக்கும் எப்படியும் உருட்ட வேண்டியதுதான். பக்கத்துப் பக்கத்துல நிறுத்தினோம். ரோட்டுல வண்டிங்களை நிறுத்தறதுக்குக் கொடி பிடிக்குமே அந்தம்மா, அதைக் கூப்பிட்டு பச்சைக்கொடி காட்டச் சொன்னோம். ரெண்டு கிழமும் கழண்டுடுச்சான்னு கேட்டுச்சு. ஆனா காட்டிச்சு.

பறந்தோம் தம்பி. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. ஒரு நாய் எங்க ரெண்டு பேரையும் ஓவர்டேக் பண்ணிப் போய், நிழல்ல படுத்து, நாங்க வர்றதைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. கொடிக்காரம்மா போய் சாப்பிட்டு, கை கழுவிட்டு, பொண்ணுக்கு ஒரு போன் பேசிட்டு வந்து பாத்தா, நாங்க அந்த விளக்குக் கம்பத்தைத் தாண்டல. அப்ப நான் ஒரு முழம் முன்னாடி. அவன் திடீர்னு ரோலர்லேருந்து இறங்கறான். அது பாட்டுக்குப் போகுது. புதர்ப்பக்கம் ஒதுங்கி, உதறிட்டு வந்து, திரும்ப ஏறிக்கறான். என்னடா இதுன்னா, படத்துல நடுவுல டயர் மாத்த நிறுத்தறாங்க இல்ல, அந்த மாதிரிங்கறான். நான் அடக்கிட்டே வந்தேன். இன்னும் அடக்கிட்டுத்தான் இருக்கேன்.

கடைசியில ரெண்டும் சரிக்குச் சமம். உருளையோட உருளை உரசுது. அவன் கத்தறான், நான் கத்தறேன். கோடு நெருங்குது. நிறுத்தியிருக்கலாம். யாரு முதல்ல நிறுத்தறது? தொட்டாப் போதும், ஜெயம்கறான் அவன். படத்துல எவன்டா கோட்டைத் தொட்டுட்டு நின்னான், தாண்டித்தான் போனாங்கறேன் நான். தாண்டினோம்.

யாரு ஜெயிச்சதா? அதைத்தான் சொல்ல வர்றேன். கொடிக்காரம்மாதான் பாக்கணும். அது கடைசி நேரத்துல கண்ணை மூடிக்கிச்சு. சத்தம்தான் கேட்டுச்சாம்.

எந்தக் கோடா? கோடுன்னா... சுண்ணாம்பு தீந்து போச்சு தம்பி. கயிறு கட்டினா அறுந்துடும். ஓரமா உங்க ஸ்கூட்டர் நின்னுச்சு. பூட்டியிருந்துச்சு, தள்ள முடியல. நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டு வந்து குறுக்க வெச்சோம். ஒரு கீறல் விழல, சத்தியமா. அளந்துதான் வெச்சோம். முன் சக்கரம் என் பக்கம், பின் சக்கரம் அவன் பக்கம்.

தம்பி... தம்பி, தலையிலேருந்து கையை எடுங்க. மூச்சு விடுங்க. அது அங்கதான் இருக்கு, எங்கயும் போகல. ரோட்டோட ரோடா, ஒரு மேடு தெரியாம உக்காந்திருக்கு. கைய வெச்சுத் தடவினாக்கூட தட்டாது.

எழுந்திரிங்க, போய்ப் பாப்போம். நடுவுல ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருக்கு. எது கீழ இருக்கோ அது முதல்ல நசுங்கினது. முன்பக்கத் தகடு கீழ இருந்தா நான் போறேன். பின்பக்கம் கீழ இருந்தா அவன் போகட்டும், வாயத் தொறக்க மாட்டேன். நாங்களும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தாச்சு, எது முன்னு எது பின்னுன்னு பிடிபடல. நீங்கதான் சொல்லணும். உங்க வண்டி, உங்களுக்குத்தானே அடையாளம் தெரியும்.