மூன்றாவது குரல்

அன்றைக்கும் ராத்திரி ஒன்றரை மணிதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போகிற கடல்வழி... முன்னாலும் இருட்டு, பின்னாலும் இருட்டு. வழி கேட்க ஒரு வண்டிக்காரன்கூடக் கிடையாது. நெருங்கி உட்காருங்கள். சுவருக்கு அப்பால் மில் எஞ்சின் ஓடுகிறது, என் குரல் கேட்காது. டேய் காளை, வெளியே என்னடா பார்வை? கதவைச் சாத்து.

இது என் சகலையின் கூட்டாளிக்கு நடந்தது. பெயர் காசிமாயன். நம் சோழவந்தானில், இதே அரிசி மில்லில் ஆயில் எஞ்சின் ஓட்டியவன். ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம், தோணி முதலாளி ஒருவர் தன் பாய்த்தோணியில் எஞ்சின் மாட்டி, அதை ஓட்ட இவனைக் கூப்பிட்டார். அதுவரை கடலையே பார்க்காத பயல்! துணைக்கு மச்சினன் தவசியையும் கூட்டிக்கொண்டான். பெண்சாதி சோலையம்மாளுக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"போறது ரெண்டு பேரு. வாரப்பவும் ரெண்டு பேரா வாங்க," என்று சொல்லி அனுப்பினாள்.

இரண்டாம் நாள் காற்று செத்துப்போனது. பாய் தொங்கிவிட்டது. நீரோட்டமோ தோணியைப் பாறைப் பக்கம் இழுக்கிறது. தோணியை நடத்துகிற தண்டல் பாயை இறக்கச் சொன்னார்.

"எஞ்சினப் போடு. என்ன ஆனாலும் நிப்பாட்டிராத," என்றார்.

நிறுத்தினால் எஞ்சின் தலையைத் தீயில் சுட்டு மறுபடி கிளப்ப அரைமணி ஆகும். அதற்குள் பாறையில் மோதி எல்லாரும் போய்ச் சேரவேண்டியதுதான்.

கீழே காசிமாயன் தனியாக. டொக்... டொக்... டொக்... எண்ணெய்ப் புகை, புழுக்கம். ராத்திரி ஒன்றரை மணிக்கு எஞ்சின் ஓர் அடி தவறியது. இறக்கிய பாயின் கயிறு தண்ணீரில் விழுந்திருந்தது. அடியில் சுழலும் விசிறியில் அது சுற்றிக்கொண்டால் தீர்ந்தது கதை. அதை இழுத்துப் போடத் தவசி பின்பக்கம் போனான்.

கொஞ்ச நேரம்... பிறகு...

"மச்சான்..."

குரல் மேலேயிருந்து வரவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம், தண்ணீரிலிருந்து வந்தது. நம் ஊரில் என்ன செய்வோம்? இருட்டில் கூப்பிட்டால் மூன்றாம் தடவைதான் பதில் சொல்வோம். பேய் மூன்று தடவை கூப்பிடாது. காசிமாயன் வாயை இறுக்கிக்கொண்டான்.

"மச்சான்..." இந்தத் தடவை தூரத்தில்.

எஞ்சினை நிறுத்தக் கை போனது. தண்டல் சொன்னது ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டான். மூன்றாவது வரட்டும் என்று காத்திருந்தான்... வரவில்லை.

விடிந்ததும் தவசியைக் காணோம். பின்னால் இழுபட்டு வந்த கயிற்றை மேலே தூக்கினார்கள். நுனியில் தவசியின் துண்டு, இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. அட பாவி மனுசா! பையன் தண்ணீரில் விழுந்து, கயிற்றோடு கையைக் கட்டிக்கொண்டு உயிரோடு தொங்கியிருக்கிறான். வாய்க்குள் உப்புத் தண்ணீர் புகும்போது எத்தனை தடவைதான் கூப்பிடுவான்?

ஊருக்கு வந்தவன், "தூக்கத்துல விழுந்துட்டான், யாருக்கும் தெரியல," என்று பெண்சாதியிடம் சொல்லிவிட்டான்.

மாதம் ஒன்று போனது. வைகைக் கரையில்தான் அவன் வீடு. கோடை, ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு எண்ணெய்ப் புகையும் கடல் உப்பும் கலந்த வாடை... வாசலில்,

"மச்சான்..."

சோலையம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "என் தம்பி கொரலு!"

"பதில் சொல்லிராத புள்ள! மூணாவது வரட்டும். அன்னைக்கும் ரெண்டு தடவதான்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தான் காசிமாயன்.

"அன்னைக்கும் கூப்பிட்டானா? கேட்டுக்கிட்டா உக்காந்திருந்தீக?"

"மச்சான்..." இரண்டாவது குரல்.

"இந்தா வாரேன்டா தம்பி," என்று தாழ்ப்பாளை நீக்கினாள். காசிமாயன் மூன்றாவது குரலுக்காக உட்கார்ந்த இடத்திலேயே காத்திருந்தான்.

விடிந்து பார்த்தால் ஆற்று மணலில் அவள் காலடி. பக்கத்தில் இன்னொரு காலடி, ஈரமாக. இரண்டும் நடு ஆறு வரை போய் நின்றுவிட்டன. அந்த மணலை என் சகலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

அதே நேரத்துக்கு இன்னமும் குரல் வருகிறது. முதல் குரல் தவசியுடையது. இரண்டாவது... சோலையம்மாளுடையது. அவளும் புருசனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். காசிமாயன் இப்போது முதல் குரலுக்கே, "வாரேன், வாரேன்," என்று கதறிக்கொண்டு ஓடுகிறான். வெளியே யாரும் இருப்பதில்லை.

அவன் எங்கே என்கிறீர்களா? இந்தச் சுவருக்கு அப்பால்தான், எஞ்சின் ஓட்டிக்கொண்டு. ராத்திரி முறைக்கு வேறு யார் வருவார்கள்?

மணி என்னடா காளை?

...ஒன்றரையா?

பேசாமல் இருங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டான்.