திங்கக்கிழமைக் கையெழுத்து

...அத ஏண்ணே கேக்குறீங்க! பதினாறு வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுனவள லைசென்ஸ் பரீட்சைக்கு உக்கார வச்சு, பந்து படம் போட்டுக் கேள்வி கேக்குறாங்க. ரோட்ல ஒரு பந்து உருண்டு வருதாம். டிரைவர் என்ன செய்யணுமாம்? ஹாரன் அடிக்கணுமா, ஒதுங்கிப் போகணுமா, வேகமா தாண்டணுமா, நிறுத்தணுமா? பந்துக்குப் பின்னாடியே ஒரு புள்ள ஓடி வரும்னு பெத்தவளுக்குத் தெரியாதா? இதுக்கு ஒரு புஸ்தகம், அத மனப்பாடம் பண்ண ஒரு கூட்டம். அந்தா பாருங்க ஒருத்தன், சுவத்தப் பாத்து நின்னுக்கிட்டு முணுமுணுன்னு... மந்திரம் போடுறவனாட்டம். மந்திரம் போட்டா பிரேக் பிடிக்குமா?

நீங்க லாரி ஓட்டுனவர்னு சொன்னீங்கல்ல? தப்பா எடுத்துக்காதீங்கண்ணே, லாரி ஓட்டுறது ஒரு ஓட்டுறதா? மூட்டைய ஏத்துனா ஏத்துன எடத்துல கெடக்கும். மூட்ட வாந்தி எடுக்குமா? மூட்ட எந்திரிச்சு நின்னு முன்னாடி மூட்டையோட முடியப் புடிச்சு இழுக்குமா? இங்க நாப்பத்திரண்டு புள்ளைங்க. நாப்பத்திரண்டு வாய். அதுக்கு நடுவுல ரயில்வே கேட்டுல வண்டிய நிறுத்தி, கதவத் தொறந்து வச்சு, ரயில் வருதான்னு காது குடுத்துக் கேக்கணும். அந்தக் கூச்சல்ல ரயில் என்ன, ஏரோப்ளேனே தலமேல எறங்குனாலும் கேக்காது. ஒரு அதட்டு போடுவேன் பாருங்க... கப்சிப்! அந்த அதட்டு எந்தப் புஸ்தகத்துல இருக்கு?

உள்ள உக்காந்திருக்காரே ஆபீசர், அவரு ஜென்மத்துல ஒரு பஸ்ஸக் கழுவியிருப்பாரா? சட்டையில மடிப்புக் கலையல! போன தடவ என்னப் பாத்து, "கண்ணாடியில தெரியாத எடம் எது?"ன்னாரு. வண்டி மூக்குக்குக் கீழ, முன் சக்கரத்த ஒட்டி, பின் பம்பருக்குப் பின்னாலன்னு கடகடன்னு சொன்னேன். எறங்குனது எத்தன புள்ள, ரோட்டத் தாண்டுனது எத்தன புள்ள, கணக்கு சரியா இருந்தாத்தான் கியர்ல கை வைக்கணும்னும் சொன்னேன். தலையத் தலைய ஆட்டுனாரு. கடைசில ஃபெயில்னு எழுதிட்டாரு.

ஆமாண்ணே, ஃபெயில்தான். ரெண்டு தடவ. வாயால சொன்னதெல்லாம் பாஸ், எழுத்துலதான் போச்சு. நாப்பது கேள்வியில முப்பத்தொம்பது சரி! ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணு போச்சுன்னா மொத்தமும் போச்சாம், அப்படி ஒரு சட்டம். இன்னிக்கும் விட்டேன்னா அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கம் தல வச்சுப் படுக்க முடியாது. புதுசா ஒரு பள்ளிக்கூடத்துல சேத்துக்குறேன்னிருக்காங்க, மாசம் முடியறதுக்குள்ள லைசென்ஸோட வரணுமாம். என் பொண்ணு கேக்குறா, "ஏம்மா, பதில்தான் தெரியுமே, டிக் போட்டுட்டு வர வேண்டியதுதானே?"ன்னு. வந்துட்டா, பெரிய மேதாவி!

பதில் தெரியாம என்ன? "ட்ரிப் முடிஞ்சதும் டிரைவர் முதல்ல என்ன செய்யணும்?" கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போயி, ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் குனிஞ்சு பாக்கணும். இது ஒரு கேள்வியா? பக்கத்துல ஒரு கட்டம், அதுல ஒரு டிக். டிக் போட்டா போய்ப் பாத்ததா ஆயிடுமா? பேனாவுக்குக் கால் மொளச்சிருக்கா? காயிதத்துல என்ன வேணா போடலாம்ணே. நாங்க போடாத கையெழுத்தா! ஷெட்டுல வண்டிய விட்டதும் ஒரு தாள் இருக்கும். 'கடைசி சீட்டு வரை பார்த்தாயிற்று'ன்னு அச்சடிச்சு, நாளுக்கு ஒரு கையெழுத்து. தெனம் யாரு பேனாவத் தேடுறது? திங்கக்கிழம காலையிலயே அஞ்சு நாளைக்கும் சேத்துப் போட்டுடுவேன். எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. எல்லாரும்னா... நான் சொல்லிக் குடுத்துத்தான்.

என்ன, மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு? நல்லாத்தாண்ணே போய்க்கிட்டிருந்துச்சு. ஒரு புதன்கிழம வரைக்கும்.

இத்துனூண்டு புள்ள. முன்பல்லு ரெண்டும் கெடையாது. கடைசி சீட்டுல பையக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கிட்டா. நான் வண்டியப் பூட்டிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வெயில்னா வெயில், அப்படி வெயில். முக்கா மணி நேரம்... இல்லண்ணே, இல்ல, இருக்கா, நல்லா இருக்கா. டயருக்குக் காத்தடிக்கிறவரு, உள்ளேர்ந்து புள்ள தட்டுற சத்தம் கேட்டுக் கண்ணாடிய ஒடச்சுத் தூக்கிட்டாரு. நாலு நாள் ஆஸ்பத்திரி. அப்பவாச்சும் என் வாய் அடங்குச்சா? "நான் பாத்தேன், புள்ள அங்க இல்ல, இந்தா என் கையெழுத்து"ன்னு சாதிச்சேன். அந்தப் புள்ளயோட அம்மா தாள வாங்கிப் பாத்தா. கத்தல, ஒண்ணும் பண்ணல. "அக்கா, இன்னிக்கு புதன்கிழம. வெள்ளிக்கிழம கடைசி சீட்ட எப்பப் போய்ப் பாத்துட்டு வந்தீங்க?"ன்னு மட்டும் கேட்டா.

லைசென்ஸ் போச்சு. மறுபடி அ, ஆவிலேர்ந்து ஆரம்பின்னுட்டாங்க.

முப்பத்தொம்பதும் சரசரன்னு போடுறேண்ணே. அந்தக் கட்டத்துக்கு வந்தா கை ஓட மாட்டேங்குது. பாக்காமயே இன்னொரு கையெழுத்தான்னு... ரெண்டு தடவயும் வெறுங்கட்டமா விட்டுட்டுத்தான் வந்தேன்.

எங்க எந்திரிச்சிட்டீங்க? உங்க நம்பர் இன்னும் கூப்பிடலயே. ஓ... அந்த பெஞ்சுக்கா? அங்க ஃபேன் கூட இல்லண்ணே. சரி, போங்க போங்க. நானா இருந்தாலும் எந்திரிச்சுத்தான் போவேன்.

நாப்பத்தேழா? நாந்தான் சார்! வர்றேன், கத்தாதீங்க. குடுங்க தாள... ஒரு நிமிஷம் சார். வாசல்ல பரீட்ச பஸ்ஸு நிக்குதில்ல? அதுல ஏறி, கடைசி சீட்டு வரைக்கும் நடந்து போயி, குனிஞ்சு பாத்துட்டு வந்து எழுதுறேன். சிரிக்காதீங்க சார். சாவியக் குடுங்க.