மணிக்கான கூலி

முதலில் ஒரு விஷயம். என்னை ஏற்றிக்கொண்டு வந்த உங்கள் ஜீப்புக்கு முன்பக்க இடது பிரேக் தேய்ந்துபோயிருக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் கீச்சென்று கத்துகிறது, டிரைவர் காதில் போட்டுக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. சீக்கிரம் பார்த்துவிடுங்கள். யாரையாவது இடித்துவிட்டால் பாவம்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழுதான வண்டியை இழுத்து வருவேன், சரிசெய்வேன், கூலி வாங்குவேன். இதுதான் என் தொழில். முதல் இரண்டும் சுலபம். நடுரோட்டில் வண்டி நின்றபோது "அண்ணே, நீங்கதான் தெய்வம்" என்று கையைப் பிடித்துக்கொண்டவர், பில்லைப் பார்த்ததும் நான் மனிதன்தானா என்று சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார்.

அதற்குத்தான் சட்டம் எங்களுக்கு ஒரு உரிமை கொடுத்திருக்கிறது. கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். வரவே இல்லை என்றால் நோட்டீஸ் அனுப்பி, கெடு முடிந்ததும் ஏலம் விட்டு, நமக்குச் சேர வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உரியவரிடம் கொடுத்துவிடலாம். ஒரே நிபந்தனை, வண்டி நம் கையில் இருக்க வேண்டும். கேட்டைத் தாண்டிப் போய்விட்டால் உரிமையும் அதன் பின்னாலேயே போய்விடும். அப்புறம் வீடு வீடாக அலைய வேண்டியதுதான்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் கூத்தை எழுதினால் உங்கள் காகிதம் போதாது. ஒருவர் தன் மாமியாரை என் ஆபீசில் உட்கார வைத்துவிட்டு, "இவங்க இங்கேயே இருக்கட்டும் அண்ணே, வண்டிய எடுத்துட்டுப் போய்ப் பணத்தோட வந்துடறேன்" என்றார். மாமியாரைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை தம்பி என்று சொல்லி அனுப்பினேன். அந்த அம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இன்னும் சிலர் மாற்றுச் சாவியோடு சுவர் ஏறிக் குதிப்பார்கள். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்த வண்டியில் பேட்டரியைக் கழற்றிவிடுவோம். காசு வந்தால்தான் பேட்டரி ஏறும். அடாவடி ஆசாமி என்றால் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, முன்னால் இழுவை வண்டியை நிறுத்திவிடுவோம். அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது.

ஐஸ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். கடைகளுக்கு ஐஸ்கிரீம் போடுகிறவர். ஒரே ஒரு வண்டி, பின்னால் குளிர்ப்பெட்டி. அவரும் மனைவியும் அதை வைத்துத்தான் பிழைத்தார்கள். கிளட்ச் போய் நடுரோட்டில் நின்ற வண்டியை நான்தான் இழுத்து வந்தேன். கிளட்ச் மாற்றினேன், பெட்டிக் கதவுக்குக் காற்றுப் புகாத மாதிரி புது ரப்பர் போட்டேன். கடைசியாக ஒரு சின்ன வேலை சொன்னார்.

"அண்ணே, அந்த மணிய மட்டும் மறந்துடாதீங்க. என் சம்சாரம் ஒரு தடவ உள்ள மாட்டிக்கிட்டு உயிர் போயி உயிர் வந்துச்சு எங்களுக்கு."

வண்டியின் பின்பக்கம் இருக்கும் அந்தப் பெட்டிக் கதவைச் சாத்தினால் வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிடும். உள்ளே இருந்து திறக்கும் பிடி எப்போதோ உடைந்துபோய்விட்டது, புதிது எங்கேயும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே ஒரு பொத்தான், டிரைவர் சீட்டுக்குக் கீழே ஒரு மணி. மாட்டிக்கொண்டவர் அழுத்தினால் வெளியே கேட்கும். அந்த மணி ஊமையாகிக் கிடந்தது. வயரை முழுக்க மாற்றி, பொத்தானும் புதிதாகப் போட்டேன். அடித்துப் பார்த்தபோது பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அவ்வளவு சுத்தமான சத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

வண்டி எடுக்க வந்தவர், வந்ததும் வராததுமாகப் பெட்டிக்குள் போய்ப் பொத்தானை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும், பேட்டரிதான் என் ஆபீசில் இருக்கிறதே.

"அடிக்கலையே அண்ணே."

"பேட்டரி இல்லப்பா. காசக் கொடு, மாட்டிக் காட்டறேன்."

"மாட்டிக் காட்டுங்க, காசத் தர்றேன்."

இவ்வளவுதான் சண்டை. சிரிப்பாக இருக்கிறதல்லவா. பேட்டரியைத் தூக்கி வைத்து ஒரு தடவை அடித்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. ஒருவருக்குத் தளர்த்தினால் நாளைக்கு எல்லோரும் தலையில் ஏறி உட்காருவார்கள். அவரும் பிடித்த பிடியை விடவில்லை. செய்யாத வேலைக்குப் பில் போடுகிறான் என்று டீக்கடை, பெட்ரோல் பங்க், சலூன் என்று ஒரு இடம் பாக்கி வைக்காமல் சொல்லித் திரிந்தார்.

ஊர் வாய் சும்மா இருக்குமா. பிரேக் பார்க்க வந்தவன்கூட "மணி அடிக்குதா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தான். என் வீட்டு அழைப்பு மணி கெட்டுப்போனபோது என் மனைவி, "நீங்க தொடாதீங்க, நான் வேற ஆளக் கூப்பிட்டுக்கறேன்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு வலித்தது. கூலியை ஏமாற்றுகிறவனைக்கூட மன்னித்துவிடுவேன், வேலையைக் குறை சொன்னால் எனக்குச் சோறு இறங்காது. அந்த வண்டிக்கு மட்டும் நோட்டீசை நானே தபால் ஆபீசுக்கு நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

கெடு முடிந்தது. விடுமுறை கழிந்ததும் ஏலம் என்று முடிவாயிற்று. வருகிறவர்கள் பார்க்க வசதியாக வண்டியைக் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன்.

விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்களை அனுப்பிவிட்டு ஆபீசில் இருந்தேன். பட்டறைக்குள் யாரும் வந்தது எனக்குத் தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது முழுக்கச் சரியில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஐஸ்காரர் கேட் வழியாக நைசாக உள்ளே நுழைந்தார், தோளில் ஒரு பேட்டரியோடு. எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. என் பழக்கத்தைத் தெரிந்துகொண்டு சொந்தப் பேட்டரி கொண்டுவந்திருக்கிறார். கெட்டிக்காரர்தான். மாட்டவும் மாட்டினார். ஆனால் நான் கேட்டைப் பூட்ட வெளியே வந்ததும் என் செருப்புச் சத்தம் கேட்டு, பெட்டிக்குள் ஏறிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போனதும் பூட்டை அறுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று கணக்கு. ரம்பத்தகடு சட்டைப் பையில் இருந்ததாக நீங்களே சொன்னீர்கள்.

கதவை அவர் முழுக்கச் சாத்தவில்லை. சாத்தினால் என்ன ஆகும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும். ஒரு விரல் சந்து விட்டு வைத்திருந்தார்.

நான் போய் அந்தக் கதவைத் தள்ளினேன். சரியாக மூடாத கதவைப் பார்த்தால் யாருக்கும் கை அப்படித்தான் போகும். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு ஐஸ் வண்டியை இழுவை வண்டியால் முட்டித் தள்ளி, அதன் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, முன்னால் இழுவை வண்டியை நிறுத்தினேன். அடாவடி ஆசாமிகளுக்குச் செய்வதுதான், புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஆளைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை என்று நன்றாகத் தெரியும். நான் பிடித்து வைத்தது வண்டியை.

அப்போது மணி அடித்தது.

உள்ளே இருந்து அவர் குரலும் கேட்டது. ரப்பர் புதிது என்பதால் தலையணைக்குள் பேசுகிற மாதிரிதான் கேட்டது. "அடிக்குது அண்ணே, அடிக்குது. நான் சொன்னது தப்பு. திறங்க." நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. இத்தனை நாள் ஊரெல்லாம் என்னைக் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே அடித்துக்கொண்டிருந்தது, கேட்கத்தான் யாரும் இல்லை. பிறகு, காசு வராத வண்டியில் பேட்டரி இருக்கக் கூடாது என்பதால், கழற்றி ஆபீசில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். நாங்கள் மச்சினி வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. மனைவி ஏற்கெனவே பையோடு வாசலில் நின்றாள்.

மறுநாள் காலையில் அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று ஐஸ்காரர் தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"அண்ணா, அவரு உங்க பட்டறைப் பக்கம் வந்தாரா? ராத்திரியெல்லாம் வீட்டுக்கே வரல."

"வண்டி மட்டும்தாம்மா இருக்கு" என்றேன்.

"பாத்தீங்கன்னா சண்ட போடாதீங்கண்ணா. அவரு கோவக்காரரு, மத்தபடி தங்கமான மனுஷன்."

சரிம்மா என்றேன். மச்சினியின் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட்டார்கள், போனை வைத்துவிட்டேன்.

ஏலத்தன்று வந்தவர்கள் பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நியாயம்தான், உள்ளே பார்க்காமல் யார் வாங்குவார்கள். இழுவை வண்டியை நகர்த்தி, ஐஸ் வண்டியை முன்னால் இழுத்துக் கொடுத்தேன். அவர்களே கதவைத் திறந்தார்கள். ஐஸ்காரரின் வலது கைப் பெருவிரல் பொத்தானில் இருந்ததாக உங்கள் ஆள் ஒருவர் சொன்னார். பேட்டரி இல்லாமல் எத்தனை அழுத்தினாலும் அடிக்காது. முதல் நாளே அவருக்குப் படித்துப் படித்துச் சொன்னேன்.

எனக்கு அவர்மேல் இப்போது எந்தக் கோபமும் இல்லை. அவர் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இழுத்து வந்தது, கிளட்ச், கதவு ரப்பர், நிறுத்தி வைத்த வாடகை, எல்லாவற்றையும் நான் தள்ளுபடி செய்துவிட்டேன். அந்த அம்மாவும் பாவம், இனி தனியாக எத்தனையைச் சமாளிப்பார்.

மணிக்கான கூலியை மட்டும் விட முடியாது. அது அடித்தது.